பூவறையில் ஒரு கட்டில்: ஆக்ரன் குடிநோயாளர் பிரிவும் கிறித்தவத் தொண்டின் நிபந்தனைகளும்

குடிநோயாளருக்கான கிறித்தவத் தொண்டுகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது: சோறும் படுக்கையும் கொடுத்து மதத்துக்கு ஆள் சேர்க்கிறார்களா? 1872-இல் நியூயார்க் வாட்டர் தெருவில் ஜெர்ரி மெக்காலி தொடங்கிய மீட்பு இல்லத்தையும் அதன் வழிவந்தவற்றையும் நோக்க இது நியாயமான கேள்விதான். அங்கே மனமாற்றமே மருந்தாகக் கருதப்பட்டது. ஆனால் கேள்வி போதாது. சமயம் எந்தக் கட்டத்தில் நோயாளியின் முன் வைக்கப்படுகிறது, அதை மறுத்தால் அவர் எதை இழக்கிறார் என்ற இரண்டையும் பார்த்தே ஒரு தொண்டை எடைபோட வேண்டும். ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரின் புனித தாமஸ் மருத்துவமனை இதற்குத் தெளிவான சான்று.

அம்மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தவர் அயர்லாந்தில் பிறந்த கத்தோலிக்கக் கன்னியர், அருட்சகோதரி இக்னேஷியா. 1939 ஆகஸ்டில் டாக்டர் பாப் ஸ்மித் அவரிடம் ஒரு குடிநோயாளியைக் கொண்டுவந்தார். ஸ்மித் தாமே குடியிலிருந்து மீண்டவர்; 1935-இல் பில் வில்சனோடு சேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்புக்கு வித்திட்டவர், புராட்டஸ்டண்டு மறுமலர்ச்சிக் குழுவான ஆக்ஸ்ஃபோர்டு குழுவில் பழகியவர். குடிகாரர் என்று தெரிந்தால் மருத்துவமனைகள் கதவைச் சாத்திய காலம் அது. பதிவேட்டில் ‘கடும் இரைப்பை அழற்சி’ என்று எழுதப்பட்டது. பார்க்க வரும் ஏ.ஏ. நண்பர்களோடு நோயாளி மனம்விட்டுப் பேசத் தனியிடம் வேண்டும் என்று ஸ்மித் கேட்டபோது வேறு அறை காலியில்லை. நோயாளிகளுக்கு வரும் பூக்களை ஒழுங்குபடுத்தும் சிற்றறைக்குள் கட்டிலைத் தள்ளிவைத்தார்கள்.

இந்நிகழ்வை நெகிழ்ச்சிக் கதையாக மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அங்கே நம்பிக்கையின் முதற்செயல் செபம் அன்று, கட்டில். புராட்டஸ்டண்டுப் பின்னணியில் முளைத்த ஓர் அமைப்பின் ஆளைக் கத்தோலிக்க நிறுவனம் ஏற்றபோது, அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பது நிபந்தனையாகவில்லை. குடியை விட விரும்ப வேண்டும், அவருக்காக ஏ.ஏ. உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்: கேட்டது அவ்வளவே. பின்னர் உருவான தனிப்பிரிவில் சுமார் ஐந்து நாள் சிகிச்சை. உடலை ஸ்மித் பார்த்துக்கொண்டார். குடித்துச் சீரழிந்து மீண்டவர்கள் நாள்தோறும் வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள்.

இந்த வருகைகளின் பின்னிருந்த ஏ.ஏ. வழியின் மதிப்பைப் பிற்கால ஆய்வும் உறுதி செய்கிறது. 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கிய 2020-ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, ஏ.ஏ.-வில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சைகள் தொடர்ந்து குடிக்காதிருப்பதில் பிற சிகிச்சைகளைவிட நல்ல பலன் தருவதாகக் கண்டது.

அப்படியானால் கத்தோலிக்கச் சமயம் எங்கே வெளிப்படையாக முன்வைக்கப்பட்டது? வீடு திரும்பும் வேளையில். ஒவ்வொருவருக்கும் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைச் சகோதரி கொடுப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால், முதல் மிடறுக்கு முன் அதைத் தம்மிடம் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இதை அயர்லாந்தின் பழைய மதுவிலக்கு உறுதிமொழியோடு ஒப்பிடலாம். 1838 முதல் கார்க் நகரின் கப்புச்சின் துறவி தியோபால்ட் மேத்யூவின் முன் இலட்சக்கணக்கானோர் குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுத்தார்கள்; அங்கும் பதக்கங்கள் உண்டு. அவ்வியக்கம் சரிந்ததற்குப் பெரும்பஞ்சம் முக்கியக் காரணம். ஆயினும் உறுதிமொழியின் அமைப்பிலேயே ஒரு பலவீனம் இருந்தது. மீறியவர் வாக்குத் தவறியவர் ஆகிறார். மேற்கொண்டு எங்கே போவது என்று அந்த உறுதிமொழி சொல்வதில்லை. ஆக்ரன் சின்னமோ தடுமாறுகிறவனை ஒரு மனுஷியிடம் திரும்பி வரச் சொல்கிறது. தோல்வி நெருங்கும் நேரத்துக்கென்றே செய்த ஏற்பாடு அது. வாழ்நாள் சத்தியத்தைவிட இதுவே இறையியலிலும் ஆழமானது என்பேன்.

கத்தோலிக்கச் சின்னத்தை எல்லார் கையிலும் கொடுப்பது திணிப்பு அல்லவா? நன்றிக்கடன் பட்டவர் மறுக்கத் தயங்குவார். இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அவருக்குரிய சிகிச்சை அதற்குள் முடிந்துவிட்டது. சின்னத்தை வாங்காவிட்டாலும் கட்டில் பறிபோகாது.

அரசு நடுவில் வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. 1996-இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் கிரிஃபின் எதிர் கஃப்லின் வழக்கில் தீர்ப்பளித்தது. கடவுளை ஏற்காத கைதி ஒருவர், ஏ.ஏ. முறையிலான நிகழ்ச்சியில் கலந்துகொண்டால்தான் குடும்பத்தோடு தங்கும் சந்திப்புக்குத் தகுதி பெறுவார் என்று சிறை விதித்திருந்தது. அது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது நீதிமன்றம். ஏ.ஏ.-வின் பன்னிரண்டு படிகளில் கடவுளை ‘நாம் புரிந்துகொண்டபடி’ என்று தளர்த்திச் சொல்லியிருப்பதும் சிறையைக் காப்பாற்றவில்லை. பூவறையில் கிடந்தவரைப் பார்க்க வந்த ஏ.ஏ.-வின் அதே படிகள்தாம். ஆனால் இங்கே மறுத்தவர் இழக்கவிருந்தது குடும்பத்தோடு இருக்கும் நேரத்தை.