மைசூர் அரண்மனைச் சலூன் பெட்டிகள்

மைசூர் அரண்மனைச் சலூன் பெட்டிகள் என்பவை, மைசூர் அரச குடும்பத்தினரின் ரயில் பயணத்திற்கென உருவாக்கப்பட்டு, இன்று அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ள சொகுசுப் பெட்டிகள் ஆகும். தமிழ்நாட்டில் 'சலூன்' என்றதும் முடிதிருத்தகமே நினைவுக்கு வரும். ரயில்வேயில் அச்சொல் படுக்கை, இருக்கை, கழிப்பறை முதலிய வசதிகள் கொண்ட தனிப் பெட்டியைக் குறிக்கிறது. ஓடும் வீடு என்றே இதனைக் கூறலாம்.

வரலாறு

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் மைசூர் அரசையும் கடுமையாகத் தாக்கியது. பெங்களூர் – மைசூர் மீட்டர் பாதை அமைக்கும் பணி, பசியால் வாடியவர்களுக்குக் கூலி தரும் நிவாரண வேலையாகவும் அமைந்தது. 1882-இல் அப்பாதை முடிவடைந்தது.

மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார் 1894-இல் காலமானார். மகன் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அப்போது சிறுவர். ஆகவே 1895 முதல் 1902 வரை அவருடைய தாயார் மகாராணி கெம்பநஞ்சம்மணி அரசப் பிரதிநிதியாக ஆட்சி நடத்தினார். இன்று மக்கள் பார்க்கும் சலூன்கள் 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, அதாவது ஒரு பெண் மைசூரை ஆண்ட காலத்தைச் சேர்ந்தவை.

மைசூர் ரயில் அருங்காட்சியகம்

இது 1979-இல் மைசூர் ரயில் நிலையத்தின் அருகே தொடங்கப்பட்டது. தில்லிக்கு அடுத்ததாக இந்தியாவில் அமைந்த ரயில் அருங்காட்சியகம் இதுவே. இங்குள்ள மகாராணி சலூனில் சமையலறை, உணவுக்கூடம், அரச கழிப்பறை ஆகியவை உள்ளன. ரயில் நிற்கும் ஊரில் உணவு தேடி இறங்க வேண்டிய தேவை அரச குடும்பத்திற்கு இருக்கவில்லை.

தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகம்

1977-இல் சாணக்கியபுரியில் திறக்கப்பட்ட இங்கு மைசூர் மகாராஜாவின் சலூன் உள்ளது. தேக்கு மரம், தங்க வேலைப்பாடு, தந்த வேலைப்பாடு, சரிகைத் துணி போர்த்திய இருக்கைகள் ஆகியவை இதன் சிறப்புகள்.

வேல்ஸ் இளவரசர் எட்வர்டின் இந்திய வருகைக்காக 1875-இல் செய்யப்பட்ட பெட்டியும் இங்கே உள்ளது. அந்த இளவரசர் 1875 டிசம்பரில் தூத்துக்குடியில் இறங்கி, மணியாச்சி வழியாக மதுரைக்கு ரயிலில் சென்றவர். இன்றைய கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் ஊர்களைத் தொட்டுச் செல்லும் அப்பாதை அப்போதுதான் போடப்பட்டிருந்தது.

மறுபக்கம்

சலூன்களைப் பார்ப்பவர்கள், அதே காலத்துச் சாதாரணப் பயணியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கீழ் வகுப்புப் பெட்டிகளில் அன்று கழிப்பறை கிடையாது. 1909-இல் வங்காளத்தைச் சேர்ந்த ஒகில் சந்திர சென் என்ற பயணி, இயற்கைக் கடனுக்காக இறங்கியபோது ரயில் தம்மை விட்டுப் புறப்பட்டதைப் பற்றி ரயில்வே அதிகாரிக்குப் புகார்க் கடிதம் எழுதினார். கீழ் வகுப்புகளுக்குக் கழிப்பறை வர அக்கடிதம் ஒரு தூண்டுகோல் என்று சொல்லப்படுகிறது. அது தில்லி அருங்காட்சியகத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டதாகும். 1899-ஆம் ஆண்டு அரச கழிப்பறையையும் 1909-ஆம் ஆண்டுக் கடிதத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு முழுமை பெறும்.

மூன்றாம் வகுப்புப் பயணிகளின் அவலம் பற்றி 1917-இல் காந்தியடிகள் விரிவாக எழுதினார். அவ்வகுப்பு 1974-இல்தான் நீக்கப்பட்டது.

பார்வையும் படமெடுத்தலும்

பழைய மரமும் துணியும் பலர் கைபட்டால் விரைவில் கெடும். எனவே இத்தகைய பெட்டிகளின் உட்புறத்தைப் பெரும்பாலும் சன்னல் வழியாகவே பார்க்க வேண்டியிருக்கும். படமெடுக்க விரும்பும் மாணவர்கள் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்:

- முதலில் அங்குள்ள விதிகளைக் கேட்டறிய வேண்டும்.
- லென்சைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்தால் வெளிச்சத்தின் எதிரொளிப்பு குறையும். பிளாஷ் கூடாது.
- முழுப் பெட்டி, சக்கரம், தயாரிப்பாளர் தகடு, விளக்கப் பலகை ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்க வேண்டும்.
- எடுத்த நாளையும் இடத்தையும் குறித்து வைக்க வேண்டும். குறிப்பு இல்லாத படம் பிற்காலத்தில் சான்றாகப் பயன்படாது.

தென்மாவட்டத் தொடர்பு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் செல்லும் விருதுநகர் – தென்காசிப் பாதை 1927-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டு, 2004-இல் அகலப்பாதையானது. அதில் ஓடிய பெட்டிகளில் நெசவாளரும் விவசாயியும் மாணவரும் நெருக்கியடித்துப் பயணம் செய்தனர். மன்னர் பெட்டிக்குக் கூரையும் காவலும் கிடைத்தன. மக்கள் பெட்டிகளோ பழைய இரும்பாய்ப் போயின. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய ரயில் நிலையப் படமும் பயணச்சீட்டும்கூட அந்த வரலாற்றின் ஆவணங்களே. அவற்றைத் தேடிப் பாதுகாக்கும் பணியை மாணவர்கள் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.