ஒரு வருடம், அத்தோடு சரி!

2007 ஏப்ரல் 2, அட்லாண்டா நகரம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம். அதன் நடுவில் நிற்பவர் கிரெக் ஓடன். ஏழடி உயரம், வயது 19. கல்லூரியில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் கூட முடியவில்லை. எதிர்ப்பக்கம் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம். அதன் ஐந்து ஆட்டக்காரர்களும் முந்தைய வருடம் இதே கோப்பையை வென்ற அதே ஐந்து பேர்.

அன்று ஓடன் 25 புள்ளிகள், 12 ரீபவுண்டுகள் எடுத்தார். ஆனாலும் ஃப்ளோரிடா 84-75 என்று ஜெயித்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, தொழில்முறை அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்ட் வந்தது. அதில் முதல் பெயராக அறிவிக்கப்பட்டவர் தோற்ற அணியின் ஓடன்!

அப்படியென்றால் அந்த வருடம் ஜெயித்தது யார்? கேள்வி சுலபமாகத் தெரிகிறது. பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

விதி எங்கிருந்து வந்தது?

ஒரே ஒரு வருடம் கல்லூரிக்கு ஆடிவிட்டு என்.பி.ஏ.வுக்குப் போய்விடும் ஆட்டக்காரர்களை அமெரிக்காவில் 'ஒன் அண்ட் டன்' என்பார்கள். ஒரு வருடம், அத்தோடு சரி. இதைக் கல்லூரிகள் போட்ட விதி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது என்.பி.ஏ.வும் அதன் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து போட்டது.

ஒரு காலத்தில் பள்ளி முடித்து நான்கு வருடம் ஆனால்தான் என்.பி.ஏ.வுக்குள் நுழைய முடியும். ஸ்பென்சர் ஹேவுட் என்ற ஆட்டக்காரர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1971ல் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு அந்தக் கதவு திறந்தது. 1974ல் மோசஸ் மலோன் பள்ளியிலிருந்து நேராக, அப்போது என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக இருந்த ஏ.பி.ஏ.வுக்குப் போனார். நீண்ட இடைவெளிக்குப் பிறகு 1995ல் கெவின் கார்னெட், 1996ல் கோபி பிரயண்ட், 2003ல் லெப்ரான் ஜேம்ஸ் என்று பள்ளிப் பையன்கள் வரிசையாக வந்தார்கள்.

எல்லோரும் லெப்ரான் ஆகிவிட முடியுமா? 2001ல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவாமி பிரவுனும் பள்ளிப் பையன்தான். அவர் பல வருடம் ஆடினார், ஆனால் அந்த முதல் இடத்துக்கு ஏற்ற நட்சத்திரம் ஆகவில்லை. 18 வயதுப் பையனைப் பள்ளி ஜிம்மில் பார்த்துக் கோடிகளைக் கொட்டுவது அணிகளுக்குச் சூதாட்டம் மாதிரி இருந்தது. டேவிட் ஸ்டெர்ன் கமிஷனராக இருந்த 2005ல் புது ஒப்பந்தம் வந்தது. அமெரிக்கப் பையன் என்றால் டிராஃப்ட் நடக்கும் வருடத்துக்குள் 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடமும் ஆக வேண்டும்.

அந்த ஒரு வருடம் எங்கே போவது? பெரும்பாலோருக்குக் கல்லூரிதான். என்.பி.ஏ. அணிகளுக்குச் செலவில்லாமல் ஒரு வருடச் சோதனை. கல்லூரிகளுக்கு ஒரு வருட நட்சத்திரம். பையனுக்கு ஸ்காலர்ஷிப், தங்க இடம், சாப்பாடு. சம்பளம் மட்டும் கிடையாது.

ஓடனும் மற்றவர்களும்

2007 டிராஃப்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஓடன். இரண்டாவது கெவின் டுரான்ட். இவரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம்தான். ஆட்டத்துக்குச் சராசரி 25.8 புள்ளிகள் எடுத்து நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். ஆனால் அவருடைய அணி தேசியப் போட்டியின் இரண்டாவது சுற்றிலேயே வெளியேறிவிட்டது. நான்காவது மைக் கான்லி, ஒஹாயோவில் ஓடனின் கூட்டாளி, அவரும் ஒரு வருடம்தான்.

மூன்றாவது, ஏழாவது, ஒன்பதாவது இடங்களில் ஃப்ளோரிடாவின் அல் ஹார்ஃபோர்ட், கோரி ப்ரூவர், ஜோக்கிம் நோவா. இவர்கள் 2006லேயே போயிருக்கலாம். நோவாவை அப்போதே முதல் இடத்துக்குப் பேசினார்கள். பணத்தை ஒரு வருடம் தள்ளி வைத்துவிட்டு மூவரும் கல்லூரியிலேயே தங்கினார்கள். இரண்டாவது கோப்பை அப்படி வந்ததுதான்.

பிறகு என்ன ஆயிற்று? டுரான்ட் 2014ல் என்.பி.ஏ.வின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார், 2017லும் 2018லும் சாம்பியன். கான்லி 2024-25 சீசனிலும் ஆடிக்கொண்டிருந்தார். ஹார்ஃபோர்ட் 2024ல் பாஸ்டன் அணியோடு என்.பி.ஏ. கோப்பையைத் தொட்டார்.

ஓடன்? முதல் சீசன் தொடங்கும் முன்பே முழங்காலில் அறுவை சிகிச்சை. ஒரு வருடம் முழுக்கப் போயிற்று. அதற்குப் பிறகும் முழங்கால் அவரை விடவில்லை. மொத்தம் 105 என்.பி.ஏ. ஆட்டங்களோடு முடிந்துவிட்டது.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. கோப்பைக்காக ஓடன் இன்னும் ஒரு வருடம் கல்லூரியில் இருந்து, அங்கேயே முழங்கால் போயிருந்தால்? முதல் இடத்துக்கான ஒப்பந்தப் பணம் கிடைத்திருக்குமா? ஒரு வருடத்தில் போனவனைப் படிப்பில் அக்கறை இல்லாதவன், பணத்தாசை பிடித்தவன் என்று திட்டுவது எளிது. உடம்பு மட்டுமே முதலீடாக இருப்பவனுக்குக் காலம் எவ்வளவு விலை என்பது திட்டுபவருக்குத் தெரிவதில்லை.

கென்டக்கியின் கணக்கு

இந்த விதியை யாரையும் விட நன்றாகப் பயன்படுத்தியவர் பயிற்சியாளர் ஜான் கலிப்பாரி. கென்டக்கிக்கு அவர் வந்த முதல் சீசனில் ஜான் வால், டிமார்கஸ் கசின்ஸ் என்று பெரும் படையே இருந்தது. ஆனால் அரையிறுதிக்கு முந்தைய ஆட்டத்திலேயே மேற்கு வர்ஜீனியாவிடம் தோற்றார்கள். அதே 2010 டிராஃப்டில் கென்டக்கியிலிருந்து ஐந்து பேர் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். கென்டக்கியின் வரலாற்றிலேயே இதுதான் மிகப் பெரிய நாள் என்கிற மாதிரி கலிப்பாரி பேசினார். அதுவரை 7 தேசியக் கோப்பைகள் வென்றிருந்த கல்லூரி அது! ரசிகர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

2012ல் ரசிகர்களின் கணக்கும் அவருடைய கணக்கும் ஒன்று சேர்ந்தன. முதலாண்டு மாணவர் அந்தோணி டேவிஸ் இறுதிப்போட்டியில் 6 புள்ளிகள்தான் எடுத்தார். ஆனால் 16 ரீபவுண்டுகள், 6 பிளாக்குகள். கான்சாஸை 67-59 என்று வென்றார்கள். டிராஃப்டில் முதல் இரண்டு இடமும் கென்டக்கிக்கே.

2015ல் மறுபடி பிரிந்தன. 38 ஆட்டம் வரிசையாக ஜெயித்து, அரையிறுதியில் விஸ்கான்சினிடம் 71-64 என்று ஒரே ஒரு தோல்வி. அந்த ஒன்றைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வருடக் கோப்பையை வென்ற டியூக்கும் முதலாண்டுப் பையன்களை நம்பியதுதான். இறுதிப்போட்டியில் எடுத்த 68 புள்ளிகளில் 60 அவர்களுடையது.

முதலாண்டு மாணவர்களையே முதுகெலும்பாக வைத்துக் கோப்பை வென்ற அணிகள் என்றால், இந்த விதிக்குப் பிறகு 2012 கென்டக்கியும் 2015 டியூக்கும்தான் பளிச்சென்று நிற்கின்றன. வில்லனோவா 2016லும் 2018லும், வர்ஜீனியா 2019லும் வென்றது சேர்ந்தே வளர்ந்த ஆட்டக்காரர்களை வைத்து. 2019ல் சயான் வில்லியம்சன் இருந்த டியூக் இறுதிச்சுற்று நால்வரில்கூட இல்லை. டிராஃப்டில் முதல் இடம் வாங்கிய பென் சிமன்ஸும் (2016) மார்கெல் ஃபுல்ட்ஸும் (2017) தேசியப் போட்டிக்கே தகுதி பெறாத அணிகளிலிருந்து போனவர்கள்.

யாருடைய தராசு?

ஆக, ஒரே வருடத்தை மூன்று தராசில் நிறுக்கிறார்கள். ரசிகருக்குக் கோப்பை. பயிற்சியாளருக்கு அடுத்த வருடம் நல்ல பையன்களை இழுக்கும் பெயர். பையனுக்கு டிராஃப்ட் எண். நான்காவதாகப் படிப்பு என்று ஒரு தராசு உண்டு. அதைத்தான் யாரும் எடுப்பதில்லை.

பணத்தையும் பாருங்கள். 2010ல் தேசியப் போட்டியின் டி.வி. உரிமை 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சட்டப்படி சம்பாதிக்க 2021 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025ல்தான் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கின. இப்போது கல்லூரியில் தங்குவது முன்பு போல நஷ்டம் இல்லை. கேள்வி மட்டும் மாறவில்லை. 2025ல் டியூக்கின் கூப்பர் ஃப்ளாக் அரையிறுதியில் ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றார், பிறகு டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். கோப்பை மூத்த மாணவர்கள் நிறைந்த ஓர் அணிக்குப் போனது. எந்த அணி தெரியுமா? அதே ஃப்ளோரிடா!

கடைசியாக ஓடனைப் பற்றி ஒன்று. ஆட்டமெல்லாம் முடிந்த பிறகு அவர் ஒஹாயோ ஸ்டேட்டுக்கே திரும்பிப் போனார். விட்ட பாடங்களை எடுத்தார். 2019ல், 31 வயதில், பட்டம் வாங்கினார். அந்த வெற்றியை எந்த ஸ்கோர்போர்டிலும் போட மாட்டார்கள். கல்லூரி என்பது எதற்காக இருக்கிறதோ, அந்தக் கணக்கில் அதுவும் ஒரு கோப்பைதான்.