கற்கண்டிலிருந்து புறப்பட்ட ஒலி

நாட்டரசன்கோட்டையில் கண்ணுக்கு நேர்ந்துகொள்ளக் கண்ணாத்தாள் இருக்கிறாள். பார்வை தேறியவர்கள் வெள்ளியில் கண்மலர் வாங்கிச் செலுத்துவார்கள். பல்லுக்கு என்றால் மதுரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். என் அக்கா மகள் ஒன்றரை வருடமாக ஏறுகிறாள். மாதம் ஒருமுறை பல்லில் போட்ட கம்பியை முறுக்கிக்கொண்டு வருவாள். அன்று ராத்திரி தயிர்ச்சோறு, மறுநாளும் தயிர்ச்சோறு. வீட்டில் தூக்கு நிறையச் சீப்புச்சீடையும் தேன்குழலும் இருக்கும். அவளுக்கு வாசனை மட்டும்.

போன வாரம் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். தினமும் 20 நிமிடம் ஒரு கருவியை வாயில் கவ்விக்கொண்டால் பல் சீக்கிரம் நகருமாம், கம்பியைச் சீக்கிரம் கழற்றிவிடலாமாம். உள்ளே வேலை செய்வது அல்ட்ராசவுண்ட். பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டுவிட்டு, "சத்தம் போட்டா பல்லு நகருமா ஆத்தா?" என்றார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் நம் அடுப்படியில் இருக்கும் ஒரு பொருளில் போய் நிற்கிறது. 1880-இல் பாரிசில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணனும் தம்பியும் சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டார்கள். (தம்பிதான் பிற்பாடு மேரி கியூரிக்குக் கணவரானவர்.) குவார்ட்ஸ், டூர்மலின், புஷ்பராகம் என்று போகும் அவர்கள் பட்டியலில் கரும்புச் சர்க்கரைப் படிகமும் உண்டு. அதாவது கற்கண்டு. மறு வருடம் லிப்மன் என்பவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: அழுத்தினால் மின்சாரம் வருமென்றால், மின்சாரம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரிய வேண்டும். கியூரிகள் சோதித்தார்கள், அப்படியே நடந்தது. வினாடிக்கு லட்சக்கணக்கான முறை சுருங்கி விரியும் படிகம், தன்னை ஒட்டியிருக்கும் நீரையும் சதையையும் அதே வேகத்தில் தள்ளும். நம் காது வினாடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிடுவதால் அது நமக்குக் கேட்பதில்லை.

35 வருடம் இது ஆய்வக வேடிக்கையாகக் கிடந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்க்கத் தொடங்கியதும் வேலை வந்தது. பியர் கியூரியின் மாணவர் பால் லான்ஜெவன், குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே பதித்து நீருக்குள் ஒலி அனுப்பினார். அலையின் பாதையில் வந்த மீன்கள் செத்துப் போயின. நீருக்குள் கையை விட்டால் வலித்தது. இந்த ஒலி உயிரைத் தொடும் என்பதற்கு முதல் சாட்சி அந்த மீன்கள்தாம்.

பிறகு அதைச் சாதுவாக்கிக்கொண்டே வந்தார்கள். வயிற்றுப்பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் ஆயிற்று. பல் டாக்டர் காரை எடுக்கும்போது கிர்ரென்று பல்லைக் கூசவைக்கும் முனையும் இந்தக் குடும்பந்தான். அது லட்சக்கணக்கில் போவதல்ல, வினாடிக்கு ஏறக்குறைய 30,000 அதிர்வு. பிரேசிலில் துவார்த்தே என்பவர் முறிந்து கூடாமல் கிடந்த எலும்புகளின்மேல் மிக மெல்லிய ஒலியை வைத்துப் பார்த்தார். 1994-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை: கணுக்காலுக்கு மேலே முன்கால் எலும்பு முறிந்தவர்களில் ஒலி பட்டவர்களுக்கு 96 நாளிலும், படாதவர்களுக்கு 154 நாளிலும் எலும்பு கூடியது. அதே வருடம் அங்கே இந்தச் சிகிச்சைக்கு அரசு அனுமதி கிடைத்தது. அளவு இதுதான்: 1.5 மெகாஹெர்ட்ஸ், சதுர சென்டிமீட்டருக்கு 30 மில்லிவாட், தினம் 20 நிமிடம். விளம்பரத்தில் வந்த அந்த 20 நிமிடம் காலில் இருந்து வாய்க்கு வந்தது.

வாய்க்குள் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். பல் எலும்பில் ஆணிபோல் அறையப்பட்டிருப்பதில்லை. இடையில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு தசைநார் மெத்தை. கம்பி இழுக்கும் பக்கம் மெத்தை நசுங்கும். அங்கே எலும்பைத் தின்னும் செல்கள் கூடும். எதிர்ப்பக்கம் மெத்தை விரியும். எலும்பு கட்டும் செல்கள் அங்கே வேலை பார்க்கும். முன்னால் இடித்து, பின்னால் கட்டி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது பல். அதிகமாக இழுத்தால் மெத்தைக்கு ரத்தம் போகாது; பல் வாரக்கணக்கில் நின்றுவிடும். சமயத்தில் தின்னும் செல்கள் எலும்போடு நிற்காமல் வேரையும் கொறிக்கும்.

கனடாவின் எட்மன்டனில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தாரிக் எல்-பியாலிக்கு முதலில் இருந்த கவலை அந்த வேர்தான், வேகம் அல்ல. 2004-இல் அவரும் சகாக்களும் 12 பேரின் வாயில், எப்படியும் பிடுங்கப்போகிற பற்களை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் ஒலி கொடுத்து மறுபக்கம் கொடுக்காமல் விட்டார்கள். ஒலி பட்ட வேர்களில் அரிப்புக் குழி குறைவு. அதே பல்கலைக்கழகத்துப் பொறியாளர்கள் ஜீ சென், யிங் சூயி ஆகியோரோடு சேர்ந்து கருவியை வாய்க்குள் அடங்கும்படி சுருக்கினார்கள். 2020-இல் வெளிவந்த இன்னொரு சோதனையில்தான் வேகம் பேச்சுக்கு வந்தது. ஒலி பட்ட பக்கம் முந்தியது உண்மை. ஆனால் பல் நகர்ந்ததே வாரத்துக்குக் கால் மில்லிமீட்டர் அளவு. இரு பக்கத்துக்கும் இடையிலான வித்தியாசம் அதில் ஒரு சின்னத் துண்டு. ஆள் எண்ணிக்கையும் குறைவு. கருவியோடு தொடர்புள்ளவர்கள் சோதனையிலும் இருந்தார்கள். இதைச் சொல்வதால் பொய் என்று ஆகாது. பணப்பையைத் திறக்க நான் தயங்குவேன், அவ்வளவே.

தயக்கத்துக்கு இன்னொரு காரணம் இந்த ஒலியின் தாய்வீடான எலும்பு முறிவில் நடந்தது. 2016-இல் அதே கால் எலும்பு முறிவில் 501 பேரை வைத்துப் பெரிய சோதனை செய்தார்கள். ஒலி பட்டவர்கள், படாதவர்கள், இரு தரப்புக்கும் ஒரே மாதிரிதான் தேறியது. மறு வருடம் எலும்பு முறிவுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டலே வந்துவிட்டது. பல் வேறு, முறிந்த கால் வேறு என்று வாதிடலாம்; நானும் அந்த வாசலை மூடவில்லை.

அக்கா மகளிடம் வேறு கணக்கைப் போட்டுக் காட்டினேன். அரையாண்டுப் பரீட்சை என்று மார்கழியில் போகவில்லை. செவ்வாய்ப் பொங்கலுக்கு ஊரே கூடும் என்று தையிலும் போகவில்லை. தளர்ந்த கம்பியோடு இரண்டு மாதம் போயிற்று. அந்தக் கருவி ஒரு வருடம் வாயிலிருந்தாலும் இதை மீட்டுத் தருமா என்பது சந்தேகம். அவள் பதில் சொல்லாமல் முறைத்தாள்.

அன்று ராத்திரி கரண்ட் போயிற்று. வளவில் இருட்டு. இடிகல்லில் ஒரு கற்கண்டை வைத்து, "கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கிட்டுப் பாரு" என்று உலக்கையைக் கொடுத்தேன். உடைந்த கணத்தில் நீலமாக ஒரு பொட்டு மின்னி அணைந்தது. உடையும் படிகத்தில் மின்னேற்றம் பிரிந்து காற்றில் தாவும்போது வரும் வெளிச்சம் அது. "இன்னொரு தரம்" என்றாள். ஆச்சி தூக்கில் இருந்த மீதிக் கற்கண்டையும் எடுத்துக் கொடுத்தார். தூளானதை அவள் நாக்கில் வைத்துக் கரையவிட்டாள், கடிக்காமல்.