லெனின்கிராட்டில் ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணம்

நான் பாடசாலையில் படித்த காலத்தில் அந்நகருக்கு லெனின்கிராட் என்று பெயர். மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்கள் எங்கள் ஊர் வாசிகசாலை வரை வந்துசேர்ந்த காலம் அது. 1703 இல் பேரரசன் முதலாம் பீற்றர் நேவா ஆற்றின் கழிமுகத்தில் நிறுவிய நகர், 1914 இல் பெத்ரோகிராட் ஆகி, 1924 இல் லெனின்கிராட் ஆகி, 1991 இல் மீண்டும் சென் பீற்றர்ஸ்பேர்க் ஆயிற்று. 2018 யூன் மாதத்தில் அங்கு சென்றபோதும் என் வாயில் பழைய பெயரே வந்தது.

நகரைப் பார்ப்பதற்குத் துவிச்சக்கர வண்டியொன்றை வாடகைக்கு எடுத்தேன். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், இளம் செய்தியாளனாக நான் ஏறி இறங்கியது துவிச்சக்கர வண்டியில்தான். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, அச்சுத்தாள் இல்லை. பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாள்களிலே பத்திரிகைகள் அச்சாகின. ஆகவே முற்றுகைக்குள் வாழ்ந்த நகரொன்றை மிதித்தே பார்க்கவேண்டும் என்று தோன்றியது. வண்டி தந்த இளைஞன் ஓர் எச்சரிக்கை மட்டும் செய்தான்: நள்ளிரவு கடந்ததும் நேவாவின் பாலங்கள் கப்பல்களுக்காகத் தூக்கப்படும்; அக்கரையில் அகப்பட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நேவ்ஸ்கி பெருவீதியில் 14 ஆம் இலக்கக் கட்டடத்தின் முன் முதலில் நின்றேன். எறிகணை வீச்சின்போது வீதியின் இந்தப் பக்கமே கூடுதல் ஆபத்தானது என்று குடிமக்களை எச்சரிக்கும் நீல அறிவிப்பு அச்சுவரில் இன்றும் பேணப்படுகிறது. ஜேர்மன் பீரங்கிகள் நகரின் தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்தமையால் வீதியின் வடபுறத்திலேயே குண்டுகள் அதிகம் விழுந்தன. வீதியின் எந்தப் பக்கத்தால் நடப்பது என்பதும் உயிர் பற்றிய முடிவாக இருந்த காலம்.

1941 செப்டெம்பர் 8 ஆம் திகதி ஜேர்மன் படைகள் கடைசித் தரைவழியை அறுத்தன. வடக்கே பின்லாந்துப் படைகள் நின்றன. நகரைப் பிடிப்பதை விடப் பட்டினியால் அழிப்பதே ஹிட்லரின் எண்ணமாயிற்று. அதே நாளில் குண்டுவீச்சில் பதாயெவ் உணவுக் களஞ்சியங்கள் எரிந்தன. சீனி உருகி ஊறிய மண்ணை மக்கள் பின்னர் தோண்டியெடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். நவம்பர் 20 இலிருந்து டிசம்பர் 25 வரை ஒருவருக்கான பாண் பங்கீடு, தொழிலாளர்க்கு 250 கிராம். ஏனையோர்க்கும் சிறுவர்க்கும் 125 கிராம். நம்மூர்க் கணக்கில் சொல்வதானால், ஓர் இறாத்தல் பாணில் காற்பங்கிலும் சற்றே அதிகம். அந்தப் பாணிலும் மாவோடு மரக்கூழும் பருத்திவிதைப் பிண்ணாக்கும் கலந்திருந்தன.

குளிர்காலம் வந்ததும் ட்ராம் வண்டிகள் நின்றுபோயின. பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் சிறு வண்டிகளில் பிணங்களை வைத்து இழுத்துச் சென்றார்கள். உறைந்த லடோகா ஏரியின் மேலாக லொறிகள் வந்த பாதை ஒன்றே நகரின் மூச்சுக்குழாய். 1942 ஏப்ரல் 15 ஆம் திகதி பயணிகள் ட்ராம் மீண்டும் ஓடியது. அந்த மணியோசை கேட்டு மக்கள் வீதியில் நின்று அழுதார்களாம். நீண்ட இருளுக்குப் பின் ஊருக்கு மின்சாரம் வந்த இரவை அறிந்தவன் என்பதால் அந்த அழுகை எனக்குப் புரிந்தது.

சென் ஐசக் சதுக்கத்துக்கு வண்டியைத் திருப்பினேன். 1942 கோடையில் பேராலயத்தின் முன்னால் கோவா பயிரிட்ட இடம் அது. ஆனால் நான் தேடி வந்தது சதுக்கத்தின் ஓரத்திலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனத்தை. நிக்கொலாய் வவிலோவ் என்ற அறிஞர் உலகமெங்கும் அலைந்து திரட்டிய இலட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே இருந்தன. கோதுமை, நிலக்கடலை, உருளைக்கிழங்கு என்பவற்றோடு நெல்லும் இருந்தது. முற்றுகைக்குள் அவற்றைக் காத்தவர்கள் எலிகளையும் குளிரையும் மட்டுமல்ல, தங்கள் வயிற்றையும் எதிர்த்து நிற்கவேண்டியிருந்தது. நெல்வகைக்குப் பொறுப்பாயிருந்த திமித்ரி இவனோவ் பல்லாயிரம் நெற்பொதிகளின் நடுவே பட்டினியால் இறந்தார். நிலக்கடலையைப் பார்த்துக்கொண்ட அலெக்சாந்தர் ஷூக்கினும் அவ்வாறே மாண்டார். சேகரிப்பு அழியவில்லை, போருக்குப் பின் அதிலிருந்து புதிய பயிர்வகைகள் பிறந்தன. வவிலோவோ இவற்றை அறியும் நிலையில் இல்லை. ஸ்டாலின் ஆட்சியில் 1940 இல் கைதான அவர், 1943 சனவரி 26 ஆம் திகதி சரத்தோவ் சிறையில் உணவின்றி நலிந்து உயிர்விட்டார். ஒரே பட்டினி, ஒன்றை எதிரி விதித்தான், மற்றதைச் சொந்த அரசு விதித்தது. முதலாவதை மட்டும் நினைவுகூர்வது அரை வரலாறே ஆகும்.

பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்காத பாட்டிமார் நம் ஊர்களிலும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் காத்தது தம் பிள்ளைகள் உண்பதற்காக. இவனோவ் காத்ததோ, தாம் ஒருபோதும் காணப்போகாத மனிதருக்காக. நானாக இருந்திருந்தால் அந்தப் பொதியைப் பிரிக்காது இருந்திருப்பேனா? நேர்மையான பதில் எனக்கே தெரியாது.

மறுநாள் லிற்றெய்னி பாலத்தைக் கடந்து வடகிழக்கே பிஸ்கரியொவ் நினைவு மயானத்துக்கு மிதித்தேன். அங்கே 186 கூட்டுப் புதைமேடுகளில் நான்கு இலட்சத்து இருபதாயிரம் குடிமக்களும் எழுபதாயிரம் படையினரும் உறங்குகின்றனர். கற்களில் பெயர்கள் இல்லை. ஆண்டு மட்டுமே உண்டு. 1942 என்ற எண்ணையே மீண்டும் மீண்டும் கண்டேன். குடும்பத்தவர் ஒவ்வொருவரும் இறந்த நாளையும் நேரத்தையும் சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்த சிறுமி தான்யா சவிச்செவாவின் பக்கங்களின் பிரதிகள் அங்குள்ள காட்சிக்கூடத்தில் உண்டு. நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட அவளும் 1944 யூலை 1 ஆம் திகதி, முற்றுகை நீங்கி ஐந்து மாதங்களின் பின், இறந்துபோனாள்.

முற்றுகை 872 நாட்கள் நீடித்து 1944 சனவரி 27 இல் முடிந்தது. இறந்தோர் தொகை பற்றிக் கணக்குகள் வேறுபடுகின்றன. ஆறு இலட்சத்துக்கு மேல் என்பதில் ஐயமில்லை.

திரும்பும் வழியில், மேடொன்றின் ஓரம் யாரோ வைத்துப் போயிருந்த கறுத்த பாண் துண்டொன்றைக் கண்டேன். இரு விரல் அளவுதான். அதைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றுவிட்டு, வண்டியில் ஏறாமல் வாசல்வரை உருட்டிக்கொண்டே நடந்தேன்.