தனமும் ருணமும்

நம் சிறுவர்கள் மனப்பாடமாய் ஒப்பிக்கும் கணக்கு விதிகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கி.பி. 628-இல், பில்லமாலாசாரியர் எனப்பெற்ற பிரம்மகுப்தர் தம் முப்பதாம் வயதில் 'பிராம்மஸ்புட சித்தாந்தம்' இயற்றினார். பில்லமாலம் என்பது இன்றைய ராஜஸ்தானத்துப் பீன்மால். உடைமையைத் தனம் என்றும் கடனை ருணம் என்றும் கொண்டு, இரண்டும் சமமாயின் கூட்டுத்தொகை சூனியம் என அவர் விதித்தார். மாதக் கடைசியில் நாம் அனைவரும் கண்ட உண்மையே! ஆயினும், இடங்காட்டும் புள்ளியாயிருந்த சூனியம் இவ்விதிகளால் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் ஏற்ற எண்ணாயிற்று.

ருணத்தை ருணத்தால் பெருக்கினால் தனம் என்றாரே, கடனைக் கடனால் பெருக்குவார் யார்? ஐந்து ரூபாய்க் கடன் மூன்று நீங்கினால் பதினைந்து ரூபாய் ஆதாயம் என்று கொள்வோமாயின் தெளிவாகும். சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தால் சூனியமே என்று அவர் எழுதியதை இன்றைய கணிதம் ஏற்பதில்லை. எவ்வெண்ணைச் சூனியத்தால் பெருக்கினும் சூனியமே வருமாதலின், விடை இன்னதென்று ஒன்றைச் சுட்ட இயலாதன்றோ?