தட்கல் 10 மணி... உங்கள் போன் காட்டும் 10 மணி சரிதானா? உலகத்து கம்ப்யூட்டர்களுக்கு மணி சொல்வது யார்?

தட்கல் டிக்கெட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஏசி பெட்டிக்கு காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. கையில் இருக்கும் போன் 9:59:57 காட்டும். சுவர்க் கடிகாரம் 10:01 காட்டும். லேப்டாப் இன்னொரு கணக்கு சொல்லும். இதில் எதுவும் செல்லாது. புக்கிங் திறப்பது சர்வரில் ஓடும் கடிகாரத்தின்படிதான்.

அந்த சர்வரும் உங்கள் போனும் ஒரே மணியைக் காட்ட வேண்டுமானால், இரண்டும் நம்பகமான ஓர் இடத்தில் அவ்வப்போது நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும். இணையத்தில் அப்படிக் கேட்கும் முறைக்குப் பெயர் நெட்வொர்க் டைம் புரோட்டோகால், சுருக்கமாக என்டிபி. அமெரிக்கக் கணினி விஞ்ஞானி டேவிட் மில்ஸ் உருவாக்கியது. முதல் வரையறை 1985ல் வெளியானது. பின்னாளில் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், பார்வை மெல்ல மெல்ல மங்கிய நிலையிலும் இந்த வேலையை விடவில்லை. 2024 ஜனவரியில் தன் 85வது வயதில் காலமானார். அவர் பெயர் நம்மில் பலருக்கும் தெரியாது என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

கடிகாரம் ஏன் தப்பிப் போகிறது?

கம்ப்யூட்டருக்குள் இருப்பது கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு குவார்ட்ஸ் படிகம். அதன் அதிர்வை எண்ணித்தான் விநாடி கணக்கிடப்படுகிறது. சூடானால் ஒரு வேகம், குளிர்ந்தால் இன்னொரு வேகம். லட்சத்தில் இரண்டு பங்கு பிழை இருந்தாலே ஒரு நாளைக்கு 1.7 விநாடி தப்பும். ஒரு மாதம் அப்படியே விட்டால் 50 விநாடிக்கு மேல் போய்விடும்.

சரி, இன்னொரு கம்ப்யூட்டரிடம் 'இப்போ மணி என்ன?' என்று கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். பதில் வந்து சேரும்போது அது பழைய நேரமாகிவிடும். வழியில் எவ்வளவு நேரம் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தாத்தா வீட்டுக் கடிகாரம்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக் கடிகாரம் சரியில்லை என்று சந்தேகம். தாத்தா வீட்டில் சரியான கடிகாரம் இருக்கிறது. தம்பியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிறீர்கள். கிளம்பும்போது உங்கள் கடிகாரத்தில் மணி 6:00. தாத்தா வீட்டை அடைந்தபோது அங்கே 6:15. தண்ணீர் குடித்துவிட்டு அங்கிருந்து கிளம்பும்போது 6:20. திரும்பி வந்தபோது உங்கள் கடிகாரத்தில் 6:25. நான்கையும் சீட்டில் எழுதிக்கொள்கிறான்.

போய்வர ஆனது மொத்தம் 25 நிமிடம். தாத்தா வீட்டில் இருந்தது 5 நிமிடம். ஆக, நடந்தது 20 நிமிடம், ஒரு வழிக்கு 10. தாத்தா வீட்டிலிருந்து 6:20க்குக் கிளம்பியவன் 10 நிமிடம் நடந்திருக்கிறான் என்றால், இப்போது சரியான மணி 6:30. உங்கள் கடிகாரம் 6:25 காட்டுகிறது. அப்போ 5 நிமிடம் பின்தங்கி இருக்கிறது. தம்பியிடம் வாட்ச் இல்லை, வழி எவ்வளவு தூரம் என்றும் தெரியாது. ஆனாலும் விடை கிடைத்துவிட்டது.

என்டிபி செய்வது அச்சு அசல் இதுதான். நிமிடத்துக்குப் பதில் மில்லி விநாடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஓர் ஓட்டையும் உண்டு. போகும்போதும் வரும்போதும் ஒரே அளவு நேரம் ஆனது என்று நாமாக வைத்துக்கொண்டோம். போகும்போது இறக்கத்தில் 5 நிமிடம், வரும்போது மேட்டில் 15 நிமிடம் ஆகியிருந்தால்? உண்மையில் உங்கள் கடிகாரம் 10 நிமிடம் பின்தங்கி இருந்திருக்கும், கணக்கோ 5 என்று சொல்லும். இணையத்திலும் தரவு போகும் வழி வேறு, வரும் வழி வேறாக இருக்கலாம். இந்தப் பிழையை முழுசாகப் போக்க வழியில்லை. ஆனால் வழியில் செலவான நேரத்தில் பாதிக்கு மேல் தப்பு போகாது. அதனால்தான் பக்கத்தில் இருக்கும் சர்வரிடம் கேட்பது நல்லது.

ஒருவரை மட்டும் நம்பலாமா?

கூடாது. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானியல் ஆய்வகத்தின் இரண்டு நேர சர்வர்கள், இது 2000ஆம் ஆண்டு என்று சொல்ல ஆரம்பித்தன. அதை மட்டும் நம்பியிருந்த கம்ப்யூட்டர்கள் 12 வருடம் பின்னால் போயின. பல சர்வர்களிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தவை தப்பித்தன. என்டிபியை முறையாக அமைத்தால் நாலைந்து இடத்தில் விசாரித்து, மற்றவர்களோடு ஒத்துப்போகாத பதிலை ஒதுக்கிவிடும்.

இந்த சர்வர்களுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது. உச்சியில் அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளும். அவற்றோடு நேரடியாக இணைந்தது முதல் அடுக்கு. அதனிடம் கேட்பது இரண்டாம் அடுக்கு. இப்படியே 15 வரை போகலாம். 16 என்று வந்தால் 'இந்தக் கடிகாரத்தை நம்பாதே' என்று அர்த்தம்.

தப்பைக் கண்டுபிடித்ததும் முள்ளைத் தடாலென்று நகர்த்துவதில்லை என்பது இன்னொரு சமாச்சாரம். நேரத்தைப் பின்னால் தள்ளினால், பிறகு நடந்தது முன்பே நடந்ததாகப் பதிவாகிவிடும். அதனால் சிறிய பிழை என்றால் கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ மெல்லச் சரிசெய்வார்கள். ஒரு விநாடிக்கு அரை மில்லி விநாடிதான் அதிகபட்சத் திருத்தம். அந்த வேகத்தில் ஒரு விநாடிப் பிழையைச் சரிசெய்ய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

சில நிமிடம் தப்பினால் என்ன ஆகிவிடும்?

ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வரும் ஆறு இலக்க எண், நேரத்தை வைத்துத்தான் உருவாகிறது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். போன் கடிகாரம் தப்பினால் எண்ணும் தப்பாகும். எஸ்எம்எஸ்சில் வரும் ஓடிபிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று கெடு உண்டு. போனில் தேதி தப்பாக இருந்தால் நல்ல தளத்தையே பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று தடுத்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் சைபர் குற்ற விசாரணை. மொபைல் இணையத்தில் ஒரே ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். 'இந்த முகவரியிலிருந்து இரவு 9:14:20க்கு மோசடி நடந்தது' என்று ஒரு சர்வர் பதிவு சொன்னால், அந்த நொடியில் அதைப் பயன்படுத்தியது யார் என்று நெட்வொர்க் நிறுவனத்தின் பதிவில் தேடுவார்கள். இரண்டில் ஒரு கடிகாரம் மூன்று நிமிடம் தப்பியிருந்தால், கிடைப்பது சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயராக இருக்கலாம். விளக்கம் சொல்லி மாளவேண்டியது அந்த அப்பாவிதான்.

2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு போட்ட உத்தரவை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். இணைய சேவை நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், அரசு அலுவலகங்கள் எல்லாம் தேசிய தகவல் மையம் அல்லது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு தங்கள் கடிகாரங்களை ஒத்துவைக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது அந்த உத்தரவு. இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களை வைத்துப் பராமரிப்பது அந்த ஆய்வகம்தான். சட்டம், வணிகம், நிதி விவகாரங்களில் இந்திய நேரத்தையே கட்டாயமாக்கும் வரைவு விதிகளை 2025 ஜனவரியில் நுகர்வோர் விவகார அமைச்சகம் வெளியிட்டது.

ஒரே ஒரு விநாடியும் ஆட்டம் காட்டும்

பூமியின் சுழற்சிக்கும் அணுக் கடிகாரத்துக்கும் இடைவெளி வரும்போது, ஒரு விநாடியைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். லீப் விநாடி என்று பெயர். 1972 முதல் 27 முறை சேர்த்திருக்கிறார்கள். 2012 ஜூலை 1 அன்று, நம் நேரப்படி அதிகாலை 5:30க்கு முந்தைய நொடியில் அப்படி ஒன்று சேர்ந்தபோது, லினக்ஸ் சர்வர்கள் பல திணறின. ரெடிட் முடங்கியது. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்தில் விமானங்கள் தாமதமாயின. இந்தத் தலைவலியே வேண்டாம், 2035க்குள் நிறுத்திவிடலாம் என்று 2022ல் உலக நாடுகள் முடிவு செய்துவிட்டன.

உங்கள் போனில் செட்டிங்ஸ் போய் 'தேதி & நேரம்' பகுதியில் ஆட்டோமேட்டிக் என்பது ஆன் ஆகி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் மொபைல் டவரிலிருந்தோ இணையத்திலிருந்தோ போனே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கேம்மில் சீக்கிரம் லைஃப் கிடைக்கும் என்று பிள்ளைகள் தேதியைத் தள்ளி வைத்துவிட்டுத் திருப்பி மாற்ற மறந்துவிடுவார்கள். வாட்ஸ்அப் திடீரென்று 'தேதி தவறு' என்று மல்லுக்கு நின்றால் முதலில் விசாரிக்க வேண்டியது வீட்டில்தான்.