எண்ணப்படாத மீன் காக்கப்படுவதில்லை

தகரப் பேணியில் அடைக்கப்பட்டு வரும் மீன் எதுவாயினும் அதனை ‘சமன்’ என்று அழைக்கும் வழக்கம் எம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அப்பெயருக்கு உரிய சல்மன் மீனின் தாயகங்களுள் ஒன்று கனடாவின் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவாகும். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி அங்கேயே மடிவது பசுபிக் சல்மனின் இயல்பு. அம்மீனை யார், எவ்வளவு பிடிக்கின்றனர் என்பதைக் கணக்கிடுவது கனேடிய அரசாங்கத்திற்குப் பல தசாப்தங்களாகவே கடினமான பணியாக இருந்து வருகின்றது.

இம்மீனுக்கு உரிமை கோருவோர் பலர். மீன்வளப் பாதுகாப்புக்கு அடுத்ததாக, பூர்வீகக் குடிகளின் உணவு மற்றும் சடங்குத் தேவைகளுக்கே முன்னுரிமை என 1990ஆம் ஆண்டில் கனேடிய உயர் நீதிமன்றம் ஸ்பாரோ வழக்கில் தீர்ப்பளித்தது. 1999ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுக் கொள்கையோ, சினூக், கோஹோ ஆகிய இரு சல்மன் இனங்களிலும் வணிக மீனவர்களுக்கு முன்பாகப் பொழுதுபோக்கு மீன்பிடியாளர்களுக்கு இடமளித்தது.

இந்த முன்னுரிமையால் பெரும் பயன் பெறுவோருள் மீன்பிடி விடுதிகளை நடத்துவோரும் அடங்குவர். ஹைடா குவாய் போன்ற தொலைதூரத் தீவுகளில் இவ்விடுதிகள் அமைந்துள்ளன. சில நாள் தங்கி மீன்பிடிப்பதற்கு ஆயிரக்கணக்கான டொலர்களைச் செலுத்தும் விருந்தினர்கள் விமானத்தில் வந்திறங்குகின்றனர். பிடித்த மீனைப் பொதிசெய்து வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். ஆயினும் மீன்பிடி அனுமதிப்பத்திரம் விருந்தினர் ஒவ்வொருவரின் பெயரிலேயே வழங்கப்படுகின்றது. ஆகவே கணக்குக் காட்டும் பொறுப்பு எவரைச் சாரும் என்ற கேள்வி இயல்பாகவே எழுகின்றது.

மக்கள் செறிந்து வாழும் கரையோரங்களில் கனேடிய மீன்பிடி மற்றும் சமுத்திரத் திணைக்களம் விமானத்திலிருந்து படகுகளை எண்ணியும், இறங்குதுறைகளில் மீன்பிடியாளரை விசாரித்தும் மொத்தத் தொகையை மதிப்பிடுகின்றது. தொலைதூர விடுதிகளைப் பொறுத்தவரை, அவை பேணும் பதிவேடுகளிலேயே பெரிதும் தங்கியிருக்க வேண்டியுள்ளது. கரைக்குக் கொண்டுவரப்படும் மீனை எண்ணுவது எளிது. ஆனால் தூண்டிலில் அகப்பட்டபின் கடலில் விடப்படும் மீனுக்கு, பிடித்தவரின் நினைவும் நேர்மையும் தவிர வேறு சான்று அரிது. அவ்வாறு விடப்படுவனவற்றுள் ஒரு பகுதி பின்னர் இறந்துபோகின்றது என்பதும் கருத்திற் கொள்ளத்தக்கது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ஹைடா குவாய்க் கடலில் பிடிபடும் சினூக் மீன் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுக்குத் திரும்பவிருந்ததாகவும் இருக்கலாம். இதனாலேயே 1985ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பசுபிக் சல்மன் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. நலிந்த கோஹோ இனத்தொகுதிகளைக் காப்பதற்காக 1998ஆம் ஆண்டிலும், பிரேசர் ஆற்றுச் சினூக்கைக் காப்பதற்காக 2019ஆம் ஆண்டிலும் அரசாங்கம் விதித்த கடும் கட்டுப்பாடுகள் பொழுதுபோக்கு மீன்பிடியையும் பாதித்தன. 2021ஆம் ஆண்டிலோ வணிக ரீதியான சல்மன் மீன்பிடியில் ஏறத்தாழ 60 வீதம் மூடப்பட்டது.

தாம் தொழில்வாய்ப்பை வழங்குவதாகவும், முன்னறிவிப்பற்ற தடைகளால் முற்பதிவுகள் இரத்தாவதாகவும் விடுதித் துறையினர் முறையிடுவதில் நியாயம் உண்டு. 1964ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விளையாட்டு மீன்பிடி ஆலோசனைச் சபையின் வாயிலாக இக்குறைகளை அரசாங்கத்திடம் முன்வைக்கும் வாய்ப்பும் இத்துறைக்கு உள்ளது. ஆயினும் பருவம் திறந்திருப்பதில் நலன் கொண்டவர்கள் தரும் எண்ணிக்கையை மாத்திரம் வைத்துப் பருவத்தைத் திறப்பதா மூடுவதா எனத் தீர்மானிப்பது உகந்ததல்ல. பதிவேடு நேர்மையாக எழுதப்பட்டிருப்பினும், சரிபார்க்கப்படாதவரை ஏனையோர் அதனை நம்பப் போவதில்லை.

இதற்கான வழி ஹைடா குவாயிலேயே தென்படுகின்றது. அங்கு ஹைடா மக்களின் மீன்வளப் பிரிவினர் பிடிபடும் மீனைக் கணக்கெடுக்கும் பணியில் நேரடியாகப் பங்கேற்கின்றனர். தலைமுறை தலைமுறையாக அம்மீனை நம்பி வாழ்ந்தவர்கள் எண்ணும் பணியிலும் பங்காளராவது பொருத்தமானதே. இத்தகைய சுயாதீனச் சரிபார்ப்பை எல்லா விடுதிகளுக்கும் கட்டாயமாக்குவதும், விடப்பட்ட மீனையும் கணக்கிற் சேர்ப்பதும் அரசாங்கத்தின் கடமையாகும். விடுதிகளும் இதனைத் தமக்கு எதிரான நடவடிக்கையாகக் கருதலாகாது. நம்பத்தகுந்த கணக்கு இல்லாதவிடத்து, எச்சரிக்கை கருதி முழுக் கடலையும் மூடுவதைத் தவிர அரசாங்கத்திற்கு வேறு வழி இராது. அப்போது முதலில் வெறுமையாகப் போவது விடுதிகளின் படகுத்துறைகளே.